கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் டேப்பை எடுங்கள்

டாக்டர் பவர் எழுதிய சீட்டு கையில் இருக்கிறது, சரி. கடையில் விலைப் பட்டியலிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள்: நாள் முழுக்க நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ, அது கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று தையல் டேப்பால் அளந்து சீட்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் செல்போன் 35, கம்ப்யூட்டர் 65.

சின்ன வயது, கிட்டப்பார்வை மட்டும் என்றால் சிங்கிள் விஷன் (லென்ஸ் முழுக்க ஒரே பவர்) போதும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து (எங்கள் வீட்டில் சாளேஸ்வரம் என்பார்கள்) வந்தபின்தான் குழப்பம். பைஃபோகலில் மேலே தூரம், கீழே கிட்டம். கம்ப்யூட்டர் இருக்கும் இடைத் தூரம் அம்போ. ப்ரோக்ரசிவில் மூன்றும் உண்டு, ஆனால் அந்த இடைத் தூரத்துக்குக் கிடைப்பது ஒரு குறுகிய சந்து, இரண்டு ஓரமும் கலங்கும். எட்டு மணி நேரம் மானிட்டர் பார்ப்பவர் அந்த 65 சென்டிமீட்டருக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது என்பேன்.

ப்ரோக்ரசிவ்தான் வேண்டுமென்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஃப்ரேமை முகத்தில் மாட்டி, கண்மணி நிற்கும் உயரத்தை லென்ஸில் குறிக்கிறார்களா என்று பாருங்கள். என் முதல் கண்ணாடிக்கு அதைச் செய்யவில்லை. மூன்று வாரம், கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி தலையைத் தூக்கித் தூக்கி டைப் அடித்தேன்.

பவர் 2, 3க்குள் என்றால் சாதாரண 1.50 பிளாஸ்டிக்கே தாராளம் (இது லென்ஸின் ஒளிவிலகல் எண், கூடக் கூட லென்ஸ் மெலியும்). 4க்கு மேல் 1.60, 6ஐத் தாண்டினால் 1.67 கேளுங்கள், மெலிதாக இருக்கும். குழந்தைகளுக்கும் பைக் ஓட்டுபவர்களுக்கும் பாலிகார்பனேட்; அடிபட்டால் எளிதில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும் என்பதால் ஹார்டு கோட்டிங் கட்டாயம்.

காசு மிச்சமிருந்தால் ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங்கில் போடுங்கள். ராத்திரி வண்டி ஓட்டும்போது ஹெட்லைட்டின் நிழல் பிம்பங்கள் லென்ஸுக்குள் ஆடுவது குறையும். நீல ஒளியை வடிகட்டும் ப்ளூ கட் லென்ஸ்? 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு 2023இல் வந்தது. சாதாரண லென்ஸைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. நான் வாங்குவதில்லை.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் கார் ஓட்டுபவருக்கு அவ்வளவாக உதவாது, அதைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிரை முன்கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடும். இன்னொரு வேடிக்கை, சூடு ஏற ஏற அது கறுப்பதும் குறையும். கொடைக்கானலில் கறுக்கிற அளவு சென்னை மே மாதத்தில் கறுக்காது.

கண்ணாடி கைக்கு வந்ததும் கடை வாசல் படியில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். ப்ரோக்ரசிவ் என்றால் பழக ஓரிரு வாரம் ஆகும், அதுவரை படிக்கட்டில் கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையே குனிந்து பாருங்கள். அதற்கு மேலும் தலை சுற்றினால் ஃப்ரேமைக் குறை சொல்லாமல் அளவுகளைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.