கிரிப்பர் எங்கே உடையும், எப்படித் தடுப்பது?

கையின் பிடி வலுவுக்காக வாங்கிய கிரிப்பர், அதாவது உள்ளங்கையில் வைத்து அழுத்தி மூடித் திறக்கும் ஸ்பிரிங் கருவி, உடைந்தால் பையன்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தன் கைவலு தாங்காமல் உடைந்துவிட்டது என்று ஒருவன் மார்தட்டுவான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இன்னொருவன் திட்டுவான். உடைந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தால், துரு, கீறல், ஆட்டம் கண்ட கைப்பிடி ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நான் கோயம்புத்தூரில் நூற்பாலை ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில், உருளைகளை அழுத்திப் பிடிக்கும் டாப் ஆர்ம் ஸ்பிரிங் தளர்ந்தால் நூல் எப்படிக் கெடும் என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியது. இப்போது தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறேன். தெருமுனை உடற்பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகள் உடைந்ததை எல்லாம் என்னிடம் கொண்டுவருகிறார்கள். "அண்ணாச்சி, ஒரு வெல்டு வைத்தால் சரியாகிவிடுமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆகாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மார்தட்டலைத் தீர்த்துவிடலாம். இரண்டு கைப்பிடியும் நடுவில் சுருள் ஸ்பிரிங்கும் உள்ள இரும்பு கிரிப்பரில், கைப்பிடிகள் ஒன்றோடொன்று முட்டியதும் ஸ்பிரிங்கின் வளைவு நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கைப்பிடிதான் கைப்பிடியை நெருக்கும், ஸ்பிரிங்குக்குக் கூடுதல் சுமை ஏறாது. ஆகவே பயில்வான் அழுத்தினாலும் பள்ளிக்கூடத்துப் பையன் அழுத்தினாலும், முழுதாக மூடிவிட்டால் ஸ்பிரிங் படும் பாடு ஒன்றுதான். அமெரிக்காவின் அயர்ன்மைண்ட் நிறுவனம் விற்கும் கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் கிரிப்பர் வரிசையில், மூடத் தேவையான வலுவாக அவர்கள் சொல்லும் கணக்கு: 1-ஆம் எண் 140 பவுண்டு, 2-ஆம் எண் 195, 3-ஆம் எண் 280, 4-ஆம் எண் 365. மூன்றாம் எண்ணை விதிப்படி மூடிக்காட்டுபவர்களுக்கு 1991 முதல் அந்த நிறுவனம் சான்று வழங்கி வருகிறது. அப்படிப்பட்ட கைகளுக்கென்றே செய்த ஸ்பிரிங் இருக்கும்போது, நம் தெருப் பையன் தன் வலுவால் உடைத்தான் என்பதை நான் நம்புவதில்லை.

பிளாஸ்டிக் கிரிப்பரின் கதை வேறு. கைப்பிடி முட்டிய பிறகும் அழுத்தினால் அந்தச் சுமை பிளாஸ்டிக் கைப்பிடிக்கும், இரண்டு கைப்பிடியையும் கோத்திருக்கும் அச்சாணியின் துளைக்கும் போகும். அங்கே கைவலு உடைக்கத்தான் செய்யும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். மலிவான கிரிப்பரில் ஸ்பிரிங்கின்மேல் குரோம் பூச்சு மின்னும். பூச்சு நன்றாக இருந்தால் துருவைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மின்முலாம் பூசும்போது கெட்டியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். பூசிய கையோடு அதைச் சூளையில் வைத்துச் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அதைச் சரியாகச் செய்யாமல் விட்டால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வாங்கிச் சில நாளிலேயே படாரென்று உடைந்ததென்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். மங்கலான, எண்ணெய் தடவிய ஸ்பிரிங்கே எனக்குப் பிடிக்கும்.

அடுத்து, ஸ்பிரிங் கம்பி கைப்பிடிக்குள் நுழையும் வாயைப் பாருங்கள். அங்கே கம்பியில் இடுக்கித் தடமோ வெட்டோ இருந்தால் வேண்டாம். விரல் நகத்தைக் கம்பியின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் அது கீறல். வளைந்து வளைந்து நிமிரும் கம்பியில் விரிசல் மேற்பரப்பில்தான் பிறக்கும், ஒரு சிறு கீறல் அதற்குப் போதும். கைப்பிடிகளைப் பிடித்து முறுக்கியும் பாருங்கள். புதியதிலேயே கைப்பிடி சுழன்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

நடுவில் திருகு வைத்து "5 முதல் 60 கிலோ வரை" என்று விற்கும் பிளாஸ்டிக் வகையை, விரலில் அடிபட்டுத் தேறி வருபவருக்கும் தொடக்கக்காரருக்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மற்றவர்கள் அந்த 60 என்ற எண்ணை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கைப்பிடியில் எந்த இடத்தில் அழுத்தி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரு நிறுவனத்தின் 60 கிலோவும் இன்னொன்றின் 60 கிலோவும் ஒன்றல்ல. இந்த வகையில் ஸ்பிரிங்கின் இரு முனையிலும் கொக்கி உண்டு. கொக்கியின் கழுத்து வளைவுதான் முதலில் போகும். கொக்கி மாட்டும் இடம் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது அதற்கும் முன்னால் போகும். அந்த இடத்தில் இரும்பு ஆணியோ தகடோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பயன்படுத்தும்போது

புதிய கிரிப்பர் கெட்டியாக இருக்கிறதென்று கைப்பிடிகளை வெளிப்பக்கமாக இழுத்து விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருளை இறுக்கும் பக்கம் வளைவதற்கென்று செய்த ஸ்பிரிங்கை எதிர்ப்பக்கம் வளைப்பது அதன் ஆயுளைத் தின்னும். பொறுமையாக மூடித் திறந்தாலே புதிய ஸ்பிரிங் கொஞ்சம் இளகி ஒரு நிலைக்கு வந்துவிடும். அந்தச் சிறு இளக்கத்தைப் பழுது என்று நினைக்க வேண்டாம். மூடிய நிலையில் கயிறு கட்டி வைப்பதும் கூடாது. நாள்கணக்கில் அழுந்திக் கிடந்தால் நிரந்தரமாகத் தளர்ந்துவிடும்.

திருகு உள்ள வகையில், கை அழுத்தத்தில் இருக்கும்போது திருகைத் திருப்பாதீர்கள். மரை தேய்வது அப்படித்தான். பயிற்சி முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கிரிப்பரை முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தாதீர்கள். உடையும் ஸ்பிரிங் கைப்பிடியைத் தூக்கி எறியும். இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் பிடியுங்கள். எதிரே குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்கு

தூத்துக்குடியில் சன்னல் கம்பியே உப்புக் காற்றில் பொரிந்து உதிர்கிறது, வியர்வை பட்ட ஸ்பிரிங் எம்மாத்திரம்? வியர்வையிலும் உப்புதான். இங்கே என்னிடம் வரும் கிரிப்பர்களுக்குக் கோயம்புத்தூரில் இருப்பவற்றைவிட ஆயுள் குறைவாகத்தான் தெரிகிறது. துரு கம்பியில் குழி பறிக்கும், அந்தக் குழியிலிருந்து விரிசல் தொடங்கும்.

பயிற்சி முடிந்ததும் பழைய பனியன் துணியால் துடையுங்கள். சுருளின் வெளிப்பக்கத்தை எல்லோரும் துடைத்துவிடுகிறார்கள், உள்பக்கம் யாருக்கும் நினைவிருப்பதில்லை. துணியை விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருளின் நடுவே நுழைத்து, இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கைவிரலுக்கு எட்டாத இடத்தில் கருப்பு அழுக்கும், கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக்பொடியும் ஒட்டி வரும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டை அதே துணியில் விட்டு இன்னொரு முறை இழுங்கள். எண்ணெய் கைப்பிடியில் படக்கூடாது, பிடி வழுக்கும். துடைப்பது தினமும், எண்ணெய் இடுவது வாரம் ஒருமுறை போதும்.

கைப்பிடியில் ஸ்பாஞ்ச் உறை உள்ளவற்றைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமில்லை. உறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடியில் இரும்பு சத்தமில்லாமல் அழுகும். உறையைக் கழற்ற முடிந்தால் மாதம் ஒருமுறை கழற்றி உலர்த்துங்கள். முடியாவிட்டால் வெயில் படாத காற்றோட்டத்தில் வையுங்கள். ஈரத் துண்டு கிடக்கும் பைக்குள் கிரிப்பரைப் போட்டுவிட்டுத் துருப்பிடித்தது என்று புலம்புவதில் பொருளில்லை. செருப்புப் பெட்டியில் வரும் சிறு சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் கிரிப்பரோடு போட்டு வைக்கலாம்.

துரு வந்துவிட்டால் புளி, எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதையும் தொடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. கெட்டியான எஃகு ஸ்பிரிங்கில் ஆசிட் பட்டால் குழி ஆழமாகும், முலாம் பூசும்போது சொன்ன அதே ஹைட்ரஜன் வேலையும் நடக்கும். மென்மையான உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துக் கம்பி ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் நீங்களே புதுக் கீறல் போட்டதாக ஆகும்.

அலுமினியக் கைப்பிடி வைத்த நல்ல வகையிலும் கவனிக்க ஒன்று உண்டு. ஸ்பிரிங் நுழையும் வாயில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கிறது என்று பொருள். பொடியைத் துடைத்து எண்ணெய் இடுங்கள். கூடவே, அழியாத மார்க்கர் பேனாவால் கம்பியிலிருந்து கைப்பிடி வரை ஒரே கோடாக இழுத்து வையுங்கள். கோடு இரண்டாக விலகிய நாளில் கைப்பிடி சுழன்றுவிட்டது என்று தெரியும். இலேசான கிரிப்பர் என்றால் கழற்றி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அரால்டைட் போன்ற இருபொருள் பசையிட்டு ஒரு நாள் முழுதும் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். கனமான கிரிப்பரில் இந்தச் சோதனை வேண்டாம். பாதி மூடிய நிலையில் கைப்பிடி கழன்றால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

விரிசலைக் கண்டுபிடிக்க

ஆலையில் நாங்கள் செய்த பழைய வித்தை இது. ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்றால் டீசல் போதும். எடுத்து நன்றாகத் துடைத்து, கரும்பலகைச் சாக்கட்டியைத் தூளாக்கித் தண்ணீரில் குழைத்து மெல்லியதாகப் பூசி உலரவிடுங்கள். பூச்சு வெளுத்து உலர்ந்ததும் கிரிப்பரைச் சில முறை பாதிவரை மூடித் திறங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் மயிரிழைபோல் ஒரு கருங்கோடு ஊறி வரும். சுருளின் வளைவிலும் கைப்பிடி வாயிலும்தான் அந்தக் கோடு பெரும்பாலும் தெரியும். தெரிந்தால் அந்தக் கிரிப்பரை அன்றே ஒதுக்கிவிடுங்கள். சோதனை முடிந்ததும் சாக்கைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ மறக்காதீர்கள்.

சத்தத்தையும் கேளுங்கள். கிறீச்சென்றால் சுருள்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன, ஒரு சொட்டு எண்ணெயில் அடங்கும். "டிக்" என்று ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கேட்டால் கைப்பிடி ஆடுகிறது, அல்லது விரிசல் வாய் திறக்கிறது.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கையை நம்பாதீர்கள், கை நாளுக்கு நாள் மாறும். பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறை வைஸில் ஒரு கைப்பிடியைத் துணி சுற்றிப் படுக்கையாக இறுக்கி, மேல் கைப்பிடியின் நுனியில் பட்டை மாட்டி 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள். இரண்டு நுனிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து அதே கேன், அதே இடத்தில் பட்டை. இடைவெளி குறைந்திருந்தால் தளர்ந்திருக்கிறது. கனமான கிரிப்பருக்குக் கேனோடு 26 கிலோ அரிசி மூட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். கால் அதன் அடியில் இருக்க வேண்டாம்.

வெல்டிங் கதை

உடைந்த முனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு ஓரத்தில் பிறைபோல் வழவழப்பான பகுதி, அநேகமாகப் பழுப்பேறி இருக்கும். மீதி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக மின்னும். வழவழப்பானது பல நாளாக மெல்ல வளர்ந்த விரிசல், துரு அதற்குள் ஏற்கெனவே புகுந்திருக்கிறது. சொரசொரப்பானது கடைசி நொடியில் ஒரேயடியாகப் பிய்ந்த பகுதி. முனை முழுவதும் மின்னும் சொரசொரப்பு மட்டும் இருந்து, வாங்கியும் சில நாள்தான் ஆகியிருந்தால், கடையில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. முனையைத் தொட்டுத் தேய்க்காமல் படம் எடுத்து, பில்லோடு அனுப்புங்கள்.

வெல்டு ஏன் ஆகாதென்றால், ஸ்பிரிங் கம்பியின் வலு அதை இழுத்த விதத்திலும் பதப்படுத்திய விதத்திலும் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டின இடம் கெட்டித்து நொறுங்கும், பக்கத்து இடம் இளகி வளையும். பட்டறையில் 50 ரூபாய் கொடுத்து ஒட்டி வாங்கி, இரண்டாம் முறை உடையும்போது விரலைக் காயப்படுத்திக்கொள்வானேன்?

ரப்பர் வளையமும் மணிக்கட்டு உருளையும்

கையில் பிசைந்து பயிற்சி செய்யும் ரப்பர் வளையத்துக்கு எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பிசைந்தால் இயற்கை ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, பிய்ந்துபோகும். சிலிக்கான் வளையம் இதைவிடத் தாங்கும். வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் வரும். இழுத்துப் பிடித்தால், இழுக்கும் திசைக்குக் குறுக்கே அவை வாய் பிளப்பது தெரியும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, முகப்பவுடர் தூவி வையுங்கள்.

மணிக்கட்டு உருளை என்பது, கயிற்றில் தொங்கும் எடைத்தட்டைக் கட்டையை உருட்டிச் சுற்றித் தூக்கும் கருவி. அதில் கட்டைக்குக் கேடு வராது, கயிறுதான் போகும். கட்டையில் கயிறு நுழையும் துளையின் விளிம்பு அதை அறுக்கும். விளிம்பை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, கயிற்றின் முடிச்சை அவ்வப்போது இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டால் ஒரே இடம் தேயாது. நைலான் நார் பஞ்சுபோல் உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். மீட்டர் கணக்கில் கயிறு எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும், காலில் விழும் எடைத்தட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை.