கடல் சாமந்தி வாங்கி வந்தாயிற்றா? முதலில் அதன் பாதத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக் கூடத்தில் உள்ள 200 லிட்டர் தொட்டியில் இப்போது ஒரு கடல் சாமந்தி (sea anemone, பூப்போல் விரியும் கடல் விலங்கு) நன்றாக விரிந்திருக்கிறது. இது இரண்டாவது. முதலாவதை 2022 செப்டம்பரில் இழந்தேன். நோயால் அல்ல, கெட்ட நீராலும் அல்ல. அது எந்த இனம் என்று அறியாமல் தவறான இடத்தில் வைத்தேன். நீரைச் சுழற்றும் மோட்டார்களுக்கு உறை போடவில்லை. இந்த இரண்டும் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உங்கள் உப்புநீர்த் தொட்டி ஆறு மாதமாவது ஓடி நிலைபெற்றுவிட்டது, உயிர்ப்பாறையும் (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறை) ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். புதுத் தொட்டி என்றால் கடல் சாமந்தி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

படி 1: கடையில்

வாய் இறுக மூடியிருக்க வேண்டும். பாதத்தில் (பற்றிக்கொள்ளும் அடிப்பகுதியில்) கிழிசல் இருக்கக் கூடாது. கண்ணாடியிலோ கல்லிலோ பற்றியிருப்பதை மட்டும் வாங்குங்கள். தரையில் உருண்டு கிடப்பதை வேண்டாம்.

நிறத்தில் ஏமாறாதீர்கள். தூய வெள்ளை அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடல் சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள்தாம் ஒளியிலிருந்து அதற்கு உணவு செய்து தருகின்றன. அவை வெளியேறிவிட்டால் உடல் வெளுக்கும். வெள்ளையாக இருப்பது பட்டினி கிடக்கிறது என்று பொருள். பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் சாயம். பழுப்போ பச்சையோ கலந்த மங்கலான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு விளக்கில் அதன் அழகு மெல்ல வெளிப்படும்.

படி 2: இனம் காணுதல்

நான் இடறியது இங்கேதான். கடையில் அதைக் 'குமிழ்முனை' என்று சொல்லிக் கொடுத்தார்கள். கைகளின் (வாயைச் சுற்றியுள்ள உணர்விழைகளின்) நுனியில் குமிழ் எதுவும் இல்லை. கேட்டதற்கு, "வீட்டில் வைத்தால் வந்துவிடும்" என்றார்கள். அது பொய்யும் அல்ல. குமிழ்முனை இனத்திலேயே குமிழ்கள் தோன்றும், மறையும். ஆகவே குமிழை வைத்து இனம் காண முடியாது. தண்டையும் பாதத்தையும் பாருங்கள்.

குமிழ்முனையின் (என்டக்மேயா குவாட்ரிகலர்) தண்டு வழவழப்பாக இருக்கும், மரு போன்ற புள்ளிகள் இருக்காது. பாறை இடுக்கில் பாதத்தை நுழைத்துக்கொண்டு கைகளை மட்டும் வெளியே நீட்டும்.

நீள்கை இனத்துக்குக் கைகள் குறைவு. நீண்டு, நுனி நோக்கிக் கூராகும். தண்டின் மேற்பகுதியில் வெண்ணிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், அடிப்பகுதி பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு. இது மணலில் பாதத்தைப் புதைத்து வாழ்வது. நான் வாங்கியது இதைத்தான். பாறை உச்சியில் வைத்தேன். மூன்று நாள் அது தொட்டி முழுக்க அலைந்தது.

செபே என்று விற்கப்படுவதன் தண்டு சாம்பல் நிறத்தில் தோல் போல் தடித்து, ஒட்டும் மருக்களோடு இருக்கும். கைகள் நூற்றுக்கணக்கில், பல சமயம் ஊதா நுனியுடன். இதுவும் பாதத்தை மணலில் ஆழ்த்திக்கொள்ளும். வெளுத்துப்போய்க் கடைக்கு வருவது இந்த இனத்தில் அதிகம்.

கம்பளம் போல் தட்டையாக, மிகக் குட்டையான கைகளுடன் இருப்பது கம்பள இனம். அரை மீட்டருக்கும் மேல் அகலும், மீனைப் பிடித்துத் தின்னும். 200 லிட்டர் தொட்டிக்கு ஆகாது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது குமிழ்முனை ஒன்றே.

பாறையில் தானாக முளைத்த சின்னஞ்சிறு பழுப்பு 'சாமந்தி' ஐப்டேசியாவாக இருக்கலாம். அது பெருகும் களை. பிய்க்க முயலாதீர்கள், விடுபட்ட துணுக்குகளிலிருந்தும் வளரும்.

படி 3: நீர், பழக்குதல்

வெப்பம் 25–26 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025, நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ். உப்பை அளக்க முள் ஆடும் பிளாஸ்டிக் மானியை நம்ப வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலால் உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள், அதையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிபாருங்கள். நைட்ரேட்டுக்கு நான் சாலிஃபர்ட் சோதனைப் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறேன். அளவு குறைவாக இருக்கும்போது குப்பியைப் பக்கவாட்டில் பார்த்து, கிடைத்த எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும். தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றியிருந்தால் கடல் சாமந்தி வைக்காதீர்கள்.

பையை மிதக்கவிட்ட பின், மெல்லிய காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்துவிடுங்கள். கடை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

படி 4: இறக்குவதற்கு முன் மோட்டார்களுக்கு உறை

கடல் சாமந்தி நடக்கும். பிடிக்காத இடத்தில் வைத்தால் இரவோடிரவாக நடக்கும். அந்தச் செப்டம்பரில் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) ஆறாம் கட்டம் வரை போயிருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைப் படையலுக்கு எல்லோரும் அத்தை வீட்டில் இருந்தோம். இரண்டரை மணி நேரம் மின்சாரம் இல்லை. நீரோட்டம் நின்றதும் என் சாமந்தி, அசைவற்றிருந்த மோட்டாரின் நீர் உறிஞ்சும் வாயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் மோட்டார் சுழன்றது. வீட்டுக்கு வந்தபோது தொட்டி நீர் பால் போல் கலங்கியிருந்தது.

சிதைந்த துண்டுகள் நீரை நஞ்சாக்கி மற்ற உயிர்களையும் கொல்லும். பாதி நீரை மாற்றி, நச்சை உறிஞ்சும் கார்பன் போட்டு, கோமாளி மீன்களை (சாமந்தியின் கைகளுக்கிடையே தங்கும் மீன்கள்) எப்படியோ காப்பாற்றினேன். என் மகள் அன்றிரவு சாப்பிடவில்லை.

எனவே எல்லா மோட்டார் வாய்களையும் பெரிய துளையுள்ள பஞ்சால் மூடி, நைலான் கயிற்றால் கட்டுங்கள். மெல்லிய பஞ்சு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டி நீரிலேயே அலசுங்கள். ஹீட்டருக்கும் துளையிட்ட உறை போடுங்கள். சூடான கண்ணாடியில் பாதம் வெந்துவிடும்.

படி 5: முதல் இரண்டு வாரம்

குமிழ்முனையைப் பாறை இடுக்கின் அருகே, மிதமான நீரோட்டத்தில் வையுங்கள். வைத்த முதல் அரை மணி மட்டும் மோட்டாரை நிறுத்துங்கள், அது பற்றிக்கொள்ளும். பிறகு கை வைக்காதீர்கள். விளக்கைப் பாதி அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் உயர்த்துங்கள்.

அவ்வப்போது சுருங்கிப் பழுப்பு நிறக் கழிவை வாய் வழியாக உமிழும். அதற்கு வாயும் கழிவு வழியும் ஒன்றே. பயப்பட வேண்டியதில்லை, சில மணி நேரத்தில் விரியும். வாய் பிளந்து, உடல் கரைந்து, அழுகல் நாற்றம் வந்தால் உடனே வெளியே எடுங்கள்.

ஒரு வாரம் கழித்து, நகக்கண் அளவு இறால் துண்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். வெளுத்துப்போனதை வாங்கிவிட்டவர்கள் இன்னும் சிறிய துண்டுகளை அடிக்கடி கொடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

சார்டின் மீன்கள் கரைக்கு வரும் ஜூன், ஜூலையில் பலர் கேட்கிறார்கள்: அதை நறுக்கிப் போடலாமா? என் தாத்தா கரைவலை இழுத்தவர். சார்டின் எங்கள் வீட்டில் குழம்புக்கும் வறுவலுக்கும் வந்த மீன். தொட்டிக்கு அது வேண்டாம். எண்ணெய் அதிகம், நீரில் படலம் கட்டும்.

கடற்கரை நீரை எடுத்து வரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் சேதமடைந்ததால் டர்பன் கடற்கரைகள் மாசுபட்டு மூடப்பட்டதை நாம் பார்த்தோம். மழைக்குப் பின் ஆறுகள் சேற்றையும் கொண்டுவரும். ஆர்.ஓ. நீரில் செயற்கை உப்பைக் கலப்பதையே நான் பின்பற்றுகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதியவரின் கோமாளி மீன்கள் சாமந்தியிடம் போகவில்லையாம். ஓசெல்லாரிஸ் வகைக் கோமாளிகள் இயற்கையில் குமிழ்முனையோடு வாழ்பவை அல்ல. தொட்டியில் சில ஏற்கும், சில ஏற்காது. என்னுடையவை நான்கு மாதம் எடுத்துக்கொண்டன. சாமந்தி நலிந்திருந்தால் மீன்கள் தொலைவில் இருப்பதே அதற்கு நல்லது, ஏனென்றால் அவை அதைத் தொடர்ந்து உரசிக் களைப்பாக்கும்.

பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். மின்சாரம் நின்றால் தானே இயங்கும் வகை. அது ஓடும்போதும் பஞ்சைக் கழற்றுவதில்லை.