எண்ணெய் விட்ட ஏர் ஃபில்டரை ஒரு ராத்திரி துணியில் சுற்றி வையுங்கள்

டர்போ காரில் கோல்ட் ஏர் இன்டேக் (வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இன்ஜினுக்கு இழுக்கும் குழாய்) போட்டிருப்பவர்கள், அதன் பருத்தி ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் விட்டதும் மாட்டாதீர்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டு மாட்டுங்கள். காலையில் துணியில் சிவப்பாக ஊறியிருப்பது மிகுதி எண்ணெய். அது, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரின் சூடான கம்பியில் படிந்தால், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) காற்றின் அளவைத் தப்பாகக் கணக்கிடும். ஐடிலிங் ஏறி இறங்கும், செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். படிந்துவிட்டால் அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கம்பியை விரலால் தொடவே கூடாது.

எண்ணெய் குறைந்தாலும் வம்புதான். தை, மாசி சம்பா அறுவடையில் மன்னார்குடிப் பக்கம் வைக்கோல் சுணையும் தூசியும் எப்படிப் பறக்கும் என்று தெரியுமே. ஃபில்டரில் சிக்காமல் அது உள்ளே போனால், டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் இறக்கை தேயும். மடிப்புகளில் எங்காவது நிறம் வெளிறியிருந்தால் அங்கே மட்டும் ஒரு சொட்டு விடுங்கள்.

எண்ணெய் இல்லாமலே வேலை செய்யும் உலர் ஃபில்டருக்கு எண்ணெயே கூடாது. காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களில் கம்பிப் பிரச்சினை இல்லை. ஃபில்டர் பம்பருக்குள் தாழ்வாக இருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் கம்பெனி ஏர் பாக்ஸையே திரும்ப மாட்டிவிடுங்கள். தேங்கிய தண்ணீரை உறிஞ்சினால் இன்ஜினில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.