மார்ச் வந்தால் காற்றைப் பாருங்கள்: நியூ மெக்சிகோவுக்கும் மேற்கு டெக்சாஸுக்கும் புதிதாக வருபவர்களுக்கு

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் முதலில் விசாரிப்பது குளிரைப் பற்றித்தான். ஜாக்கெட் எவ்வளவு கனமாக வாங்க வேண்டும், பனியில் கார் வழுக்குமா என்று கேட்பார்கள். அல்புகர்க்கி, லாஸ் குருசெஸ், எல் பாஸோ, லப்பக், அமரில்லோ, எந்த ஊரில் குடியேறினாலும் நான் சொல்வது ஒன்றுதான். குளிரைச் சமாளித்துவிடலாம். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அடிக்கிற காற்றை மட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காற்று புதிதல்ல. இந்த வறட்சிதான் புதிது. ஏப்ரல் மாத மதியம் மூன்று மணிக்கு இங்கே காற்றின் ஈரப்பதம் 8 சதவீதம் என்று காட்டும். பால்கனியில் காயப்போட்ட கனமான துண்டு அரைமணி நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். தரையில் கிடக்கும் புல்லுக்கும் சருகுக்கும் அதே கதிதான். அந்த நிலையில் ஒரு தீப்பொறி விழுந்து, பின்னால் மணிக்கு 50 மைல் வேகத்தில் காற்றும் அடித்தால், தீயணைப்பு வண்டி வந்து சேரும் முன்பே தீ அடுத்த தெருவைத் தாண்டியிருக்கும்.

ஆறுதலான விஷயம், இந்தக் காற்று சொல்லாமல் வருவதில்லை. பலத்த காற்று நாள் வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

போனிலேயே இருக்கும் வானிலை ஆப்பை இதற்கு நம்ப வேண்டாம். மிக ஆபத்தான நாளில் அதில் பளிச்சென்று ஒரு சூரியன் படம்தான் இருக்கும். மேகமில்லாத நீல வானம், இதமான வெயில், பிக்னிக் போகலாம் என்று தோன்றும். அதற்குப் பதிலாக அமெரிக்க அரசின் தேசிய வானிலை சேவையின் தளமான வெதர் டாட் கவ் போய், உங்கள் ஜிப் கோடைப் போட்டு, மணிவாரி வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். அதில் மூன்று கோடுகளைக் கவனியுங்கள்.

முதலாவது காற்றின் வேகம். அதிலேயே கஸ்ட் என்று தனியாக ஒன்று இருக்கும், இடையிடையே குப்பென்று அடிக்கும் வேகம் அது. கதவைப் பிடுங்குவதும் மரக்கிளையை முறிப்பதும் அதுதான். இரண்டாவது ஈரப்பதம். மூன்றாவது காற்று வரும் திசை. இதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை, ஆனால் தீ எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

ஈரப்பதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. காலை ஆறு மணிக்கு 45 சதவீதம் என்று பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. காற்றில் இருக்கும் நீராவி அதே அளவுதான், வெயில் ஏற ஏற சதவீதம் மட்டும் சரசரவென்று இறங்கும். அதனால் மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு. இரவில் ஈரப்பதம் மறுபடி ஏற வேண்டும், அப்போதுதான் புல்லுக்கும் சருகுக்கும் கொஞ்சம் மூச்சு வரும். இரவிலும் ஏறவில்லை என்றால் அடுத்த நாள் முதல் நாளைவிட மோசமாக இருக்கும்.

சரி, மார்ச், ஏப்ரலில் மட்டும் ஏன் இப்படி அடிக்கிறது? இரண்டு பருவங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நேரம் இது. வானத்தில் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்று, குளிர்கால வேகம் குறையாமல் இன்னும் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கீழே வெயிலோ கோடையை நெருங்கிவிட்டது. தரை சூடேறி, அதை ஒட்டிய காற்று உலைநீர் கொதிப்பது மாதிரி மேலும் கீழுமாகப் புரளத் தொடங்கும். இந்தக் கொதிப்பு உயர உயர, மேலே ஓடும் வேகமான காற்றை எட்டிப் பிடித்துத் தரைக்கு இழுத்துவந்துவிடும். காலை எட்டு மணிக்கு இலைகூட அசையாமல் இருந்த இடத்தில் மதியம் குப்பைத்தொட்டி உருண்டு ஓடுவது இதனால்தான். பொழுது சாய்ந்ததும் கொதிப்பு அடங்கும், பெரும்பாலும் காற்றும் அடங்கும். மதியம் வானத்தில் மெல்லிய உயர்மேகம் படர்ந்துவிட்டால் தரை அவ்வளவு சூடேறாது, சொன்னதைவிடக் காற்று குறைவாகவே அடிக்கும். கணிப்பு சற்றுப் பிசகும் நாட்களில் பல இப்படிப்பட்டவைதான்.

கூடவே ராக்கி மலைத்தொடரும் தன் பங்கைச் செய்கிறது. மேற்கிலிருந்து வரும் மேலடுக்குக் காற்றலை மலையைக் கடக்கும்போது, கிழக்குச் சரிவில், கொலராடோ பக்கமாக, ஒரு தாழ்வழுத்தம் உருவாகும். அது சுற்றியுள்ள காற்றை உறிஞ்சி இழுக்கும். மலையிலிருந்து இறங்கும் காற்று ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாகும், சூடாகும்போது இன்னும் உலரும். அந்தத் தாழ்வழுத்தம் எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவு காற்று.

வானிலை அலுவலகங்கள் நாள்தோறும் எழுதும் 'ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' என்ற குறிப்பையும் படித்துப் பாருங்கள். முதல் வாரம் தலைகால் புரியாது. பழகிவிட்டால் வேறெதையும் தேட மாட்டீர்கள். எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் எதை நம்புகிறார்கள், எதில் தயங்குகிறார்கள் என்று அதில்தான் தெரியும். 'டீப் மிக்ஸிங்' என்றால் நான் சொன்ன அந்தக் கொதிப்பு. 'புவர் ரெக்கவரி' என்றால் இரவில் ஈரப்பதம் ஏறாது என்று பொருள். 'விண்ட் ஷிஃப்ட்' என்றால் காற்று திசை மாறுவது, அந்தச் சொல்லைக் கண்டால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கைகளின் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும். ஃபயர் வெதர் வாட்ச் என்றால் ஓரிரு நாளில் அப்படி ஒரு நாள் வரலாம் என்று பொருள். ரெட் ஃப்ளாக் வார்னிங் என்றால் வந்தேவிட்டது, அல்லது நிச்சயமாக வருகிறது. இந்தப் பகுதியில் பொதுவாக ஈரப்பதம் 15 சதவீதமோ அதற்குக் கீழோ போய், காற்று மணிக்கு 20 மைல் வேகத்தில் நிலையாகவோ 35 மைல் கஸ்டாகவோ அடித்தால் இதை வெளியிடுவார்கள். இடத்துக்கு இடம் அளவு சற்று மாறும். ஹை விண்ட் வார்னிங் வேறு. அது 40 மைல் நிலையான காற்றுக்கோ 58 மைல் கஸ்டுக்கோ உரியது. 58 மைல் என்பது மணிக்கு 93 கிலோமீட்டர். நாடு முழுவதற்குமான தீ வானிலை வரைபடத்தை ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையம் தினமும் வெளியிடுகிறது. எலிவேட்டட், கிரிட்டிக்கல், எக்ஸ்ட்ரீம்லி கிரிட்டிக்கல் என்று மூன்று படிகள். மூன்றாவது படி அபூர்வம். உங்கள் ஊர் அந்த நிறத்துக்குள் வந்தால் அன்றைக்கு வேறு திட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரெட் ஃப்ளாக் வார்னிங் போனில் அலறிக்கொண்டு வராது. நாமாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடிய தவறு. இந்தச் சீசனின் உச்சத்தில்தான் சித்திரைப் புத்தாண்டு வருகிறது. தமிழ்க் குடும்பங்கள் பார்க்கில் கூடுவது, கரி அடுப்பில் கோழி சுடுவது எல்லாம் அப்போதுதான். நான் வந்த இரண்டாவது வருடம் ஒரு சனிக்கிழமை அப்படிக் கூடினோம். சாயங்காலம் அடுப்பில் சாம்பல் வெள்ளையாக இருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினோம், புஸ்ஸென்றது. அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாம்பலை அட்டைப்பெட்டியில் வாரி வீட்டுப் பின்கட்டில் வைத்தேன். மறுநாள் மதியம் காற்று எழுந்தது. கருகும் வாடை வந்து எட்டிப் பார்த்தால், பெட்டியின் ஒரு மூலையே இல்லை. விளிம்பில் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, காற்று அடிக்கும்போதெல்லாம் அது பிரகாசமானது. வேலியோரம் காய்ந்த டம்பிள்வீட் முள்செடிகள் குவிந்திருந்தன, இரண்டடி தூரம்கூட இல்லை. தோட்டக் குழாய் பக்கத்திலேயே இருந்ததால் தப்பித்தோம். அந்த ஆரஞ்சுக் கோடு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

கரி எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே பெரிய சாட்சி உண்டு. 2022 ஜனவரியில் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே தேசியக் காட்டில் வெட்டிக் குவித்த கிளைகளை வனத்துறையினர் எரித்தார்கள். அந்தக் குவியலில் ஒன்று மண்ணுக்குள் கனன்றபடியே இருந்தது. மூன்று முறை பனி பெய்தும் அணையவில்லை. ஏப்ரலில் காற்று எழுந்தபோது அதுவும் எழுந்தது. ஏப்ரல் 6 அன்று திட்டமிட்டு மூட்டிய வேறொரு தீயும் கைமீறிப் போக, இரண்டும் அந்த மாதமே ஒன்றாகச் சேர்ந்தன. ஹெர்மிட்ஸ் பீக், காஃப் கேன்யன் என்ற பெயரில் 3,41,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. இந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ அது. தீயைப் பற்றிப் படித்தவர்கள், அனுமதியோடும் ஆட்களோடும் மூட்டிய தீயே இப்படி என்றால், நம் அட்டைப்பெட்டியை என்ன சொல்வது.

அதனால் ரெட் ஃப்ளாக் நாளிலும் அதற்கு முந்தைய மாலையிலும் வெளியே கரி, விறகு, ஹோமம், திறந்த வெளியில் கற்பூரம் எதுவும் வேண்டாம். மற்ற நாட்களில் மூட்டினால், தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் வைத்தால் சூடே தெரியாத வரை விடாதீர்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டும் போடுங்கள். காட்டுப் பகுதிக்குப் போகும் முன் அங்கே தீக்கட்டுப்பாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள், மீறினால் அபராதம் உண்டு. காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தக் கூடாது. அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடே புல்லைப் பற்றவைக்கப் போதும்.

திசை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடகோடியான பான்ஹாண்டில் பகுதியில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ தொடங்கியது. மேற்குக் காற்று அதைக் கிழக்கே நீளமாக, ஒரு நாடா மாதிரி, விரட்டிக்கொண்டு போனது. மறுநாள் குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, வந்து காற்று வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியதும், அந்த நாடாவின் தெற்கு ஓரம் முழுவதுமே தீயின் முன்முகமாக மாறித் தெற்கே பாய்ந்தது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, டெக்சாஸ் வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. தீ தூரத்தில் பக்கவாட்டில் போகிறது, நமக்கென்ன என்று காலையில் நினைத்த இடம் மாலையில் தீயின் பாதையில் இருக்கலாம். விண்ட் ஷிஃப்ட் மணியைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வெளியேற்றத்துக்கு ரெடி (தயாராகுங்கள்), செட் (எந்நேரமும் கிளம்பும் நிலையில் இருங்கள்), கோ (உடனே வெளியேறுங்கள்) என்று மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். கோ வரும் வரை காத்திருக்க வேண்டாம். சின்னக் குழந்தையோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால் செட் என்றதுமே கிளம்பிவிடுங்கள். பாஸ்போர்ட், ஐ-20 அல்லது ஐ-797 போன்ற விசா தாள்கள், மருந்து, சார்ஜர் எல்லாம் இந்தச் சீசன் முழுக்க ஒரே பையில் இருக்கட்டும். காற்று நாளுக்கு முந்தைய இரவே காரில் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள், ஏனென்றால் தீ பயத்தில் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் பம்பும் ஓடாது. வாடகை வீட்டில் இருந்தாலும் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள், வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் உங்கள் பொருட்களுக்குப் பொருந்தாது.

புகை வந்தால் ஜன்னலை மூடுவதோடு, நனைந்த திரை வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஸ்வாம்ப் கூலரையும் நிறுத்துங்கள். ஏசி மாதிரி உள்காற்றைச் சுற்றவிடும் கருவி அல்ல அது. வெளிக்காற்றை, புகையோடு சேர்த்து, உள்ளே இழுத்துத் தள்ளும்.

புழுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க் பக்கம் ஐ-10 நெடுஞ்சாலை காய்ந்த ஏரிப்படுகையின் குறுக்கே போகிறது. அங்கே ஒரு நொடியில் முன்னால் போகும் லாரி மறைந்துவிடும். அப்படி மாட்டினால் சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி நேராக வந்து இடிப்பார்.

கடைசியாக, ஊரிலிருந்து பெற்றோரை நாம் வரவழைப்பது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான், குளிர் விட்டதும். பகல் முழுக்க அவர்கள் வீட்டில் தனியாக இருப்பார்கள், கார் ஓட்டத் தெரியாது. கொண்டுவந்த போனை வைஃபையில் மட்டும் வைத்திருந்தால் வெளியேறச் சொல்லும் அவசர அறிவிப்பு அதில் வரவே வராது. வந்த முதல் வாரமே உள்ளூர் சிம் போட்டு, உங்கள் கவுண்டியின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அழைத்துப்போய் அறிமுகம் செய்து வையுங்கள். என் அம்மா வந்திருந்தபோது ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். முகவரி ஆங்கிலத்திலும் தமிழிலும், 911, பக்கத்து வீட்டு எண், பை இருக்கும் இடம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அதன் கீழே அம்மா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'சாமி விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டும்.'