அடைக்கலம் தேடி வருவோரைத் தங்கவைக்கும்போது மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1977இலும் 1983இலும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் இலங்கை மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு வவுனியாவும் கிளிநொச்சியும் இடம் கொடுத்தன. போர்ப் பதற்றம் முற்றி ஆட்கள் மலையேறி வந்தால் நாமும் கதவைத் திறக்கத்தான் வேண்டும். திறந்த பிறகு நடக்கும் பெரிய பிழை, வந்தவர்களை லயங்களுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், பிரித்துத் திணிப்பது.

பழைய லயக் காம்பரா (அறை) பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 120 சதுர அடி. நிவாரணப் பணிகளில் உலகெங்கும் கைக்கொள்ளும் ஸ்பியர் அளவுகோல் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர், ஏறத்தாழ 38 சதுர அடி கேட்கிறது. கணக்குப்படி மூன்று பேர்தான் படுக்கலாம். அங்கே ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். இன்னொரு குடும்பமும் சேர்ந்தால் ஒருவருக்கு வந்த இருமல் லயம் முழுக்கப் பரவும், பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற மறைவு இருக்காது, அன்போடு அழைத்தவர்களே முகம் கொடுக்காமல் போவார்கள். ஆகவே பாடசாலை, கோயில் மண்டபம், பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்), மூடிக்கிடக்கும் ஸ்டோர் எல்லாவற்றையும் ஆட்கள் வருமுன்பே அளந்து எழுதிவையுங்கள். 20க்கு 20 அடி வகுப்பறைக்குப் பத்துப் பேர். முப்பது பேரை அடைக்காதீர்கள். குடும்பத்துக்குக் குடும்பம் தறப்பாளால் மறைப்புக் கட்டுங்கள்.

நுவரெலியாப் பக்கத்துக் குளிர் வடக்கிலிருந்து வருபவர்களுக்குப் பழக்கமில்லை. சீமெந்துத் தரையில் பாய் மட்டும் போட்டால் கைக்குழந்தைகளும் வயசாளிகளும் தாங்கமாட்டார்கள். பாய்க்கு அடியில் காய்ந்த அட்டை விரித்து, போர்த்த ஆளுக்கு இரண்டு கம்பளி கொடுங்கள். மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய விடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோவார். போர்ப் பேச்சுக்குப் பயந்து பெட்ரோலைக் கேனில் வாங்கி அடுப்புள்ள காம்பராவில் ஒளித்துவைப்பதும் இதே அளவு ஆபத்து.

தண்ணீரில் நடக்கும் தவறு, பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்புவது. ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழி இருந்தால் தெளிவு உதவாது. புதுக் குழியை ஊற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளி, சரிவில் அதற்குக் கீழே தோண்டுங்கள். இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும், பெண்களுக்குத் தனியாக, இரவில் வெளிச்சத்தோடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்றால் நூறு பேருக்கு 1500 லீற்றர் தேவை. 30 வீத வலுவுள்ள வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) 33 கிராமை ஒரு லீற்றர் நீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுங்கள். அதில் 200 மில்லிலீற்றரை 1000 லீற்றர் தாங்கியில் கலந்து அரை மணிநேரம் பொறுங்கள். பிறகு சோதித்தால் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். குறைந்தால் மேலும் கொஞ்சம் சேருங்கள். கலங்கிய நீரில் குளோரின் சேற்றிலேயே செலவாகிவிடும், எனவே முதலில் தெளியவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதல் நாளே அழைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

காலியாகக் கிடக்கிறதே என்று மண்மேட்டை வெட்டிய இடத்துக்கு அடியில் கூடாரம் போடாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே விழிப்பாயிருக்கச் சொல்கிறது, 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. மழைமானி கிடைக்காவிட்டால் பக்கம் நேரான டின் ஒன்றை வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளக்கலாம். அனர்த்த அவசர எண் 117.

பெயர்ப் பட்டியல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடின. வந்தவர்களின் பெயரும் சொந்த ஊரும் அடங்கிய தாளைச் சுவரில் ஒட்டுவதோ வாட்ஸ்அப்பில் போடுவதோ கூடாது. கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி, முகாம் பொறுப்பாளரிடம் ஒரு பிரதி, அவ்வளவே. அடையாள அட்டையை வாங்கிப் பூட்டிவைக்காமல், நகல் எடுத்த கையோடு உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.