‘காட்ஃபாதர்’ நாவலில் நாம் கோட்டை விடுகிற இடங்கள்

“படத்தை நாலு தடவை பார்த்தாச்சு, அப்புறம் புத்தகம் எதுக்கு?” மரியோ பூஸோவின் ‘காட்ஃபாதர்’ பற்றிப் பேச்சு வந்தால் என் நண்பர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். மீதிப் பேர் புத்தகத்தை வாங்கியவர்கள். துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்துப் பக்கம் புரட்டி, நடுவில் ஹாலிவுட் பாடகன் ஒருவனின் சோகக்கதை நீளமாக வந்ததும் மூடி வைத்துவிட்டார்கள். 1969 மார்ச்சில் வந்த நாவல் இது. நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் 67 வாரங்கள் இருந்தது. ஐம்பது வருடம் தாண்டியும் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த பிரதிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாம் வழக்கமாகக் கோட்டை விடுகிறோம்.

தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது தவறு. ‘காட்ஃபாதர்’ என்றால் இன்று நமக்கு தாதா, அல்லது பின்னாலிருந்து தூக்கிவிடும் பெரிய மனிதர். “சினிமாவில் எனக்கு காட்ஃபாதர் யாரும் இல்லை” என்று பேட்டி கொடுக்காத நடிகர் உண்டா? ஆனால் அந்தச் சொல்லுக்கு நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் வெகுகாலமாகப் புழங்கும் வார்த்தை ஞானத்தகப்பன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பொறுப்பேற்பவர். தெற்கு இத்தாலியில் அந்த உறவுக்கு ரத்த உறவுக்குரிய மரியாதை உண்டு. இரண்டு வீடுகளையும் அது ஒரு முறைக்குள் கட்டிப்போட்டுவிடும். ஞானத்தகப்பன் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள்.

அமெரிகோ போனசேரா நியூயார்க்கின் மூன்றாம் எண் குற்றவியல் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிணங்களை அலங்கரித்து அடக்கத்துக்குத் தயார்செய்வது அவர் தொழில். பெயரிலேயே அமெரிக்காவை வைத்திருக்கும் இந்த மனிதர், அந்த நாட்டுச் சட்டத்தை இத்தனை வருடம் நம்பியவர். அவருடைய மகளின் தாடையை உடைத்த இரண்டு இளைஞர்களுக்கு நீதிபதி மூன்றாண்டு சிறை என்கிறார். அதே மூச்சில் தண்டனையை நிறுத்தியும் வைக்கிறார். பையன்கள் சிரித்தபடி வெளியே போகிறார்கள். நீதி வேண்டுமென்றால் மாஃபியாத் தலைவர் டான் கோர்லியோனேயிடம் போய் மண்டியிட வேண்டியதுதான் என்று மனைவியிடம் சொல்கிறார் போனசேரா.

டானின் மகளுக்கு அன்று கல்யாணம். மகள் கல்யாணத்தன்று வந்து கேட்கிறவர்களுக்கு ஒரு சிசிலிக்காரன் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது வழக்கம். இருந்தும் டான் முகம் கொடுப்பதில்லை. அவருடைய மனைவிதான் போனசேராவின் மகளுக்கு ஞானத்தாய். அப்படியிருந்தும் இத்தனை காலத்தில் ஒரு காப்பிக்குக்கூட அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லையே என்பதுதான் அவர் மனத்தாங்கல். போதாக்குறைக்கு, எவ்வளவு பணம் வேண்டும் என்று போனசேரா கேட்டுவைக்கிறார். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பில் கேட்ட மாதிரி.

கடைசியில் போனசேரா பணிகிறார், காரியம் நடக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் பதில் உதவி கேட்பேன், கேட்காமலும் போகலாம் என்கிறார் டான். அந்த நாள் வருகிறது. குண்டுகளால் சல்லடையான தன் மூத்த மகன் சன்னியின் உடலைக் கொண்டுவந்து, அவன் அம்மா இந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது, உன் கைத்திறமை முழுவதையும் காட்டு என்று கேட்கிறார். மொய் நோட்டு எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. யார் யாருக்கு என்ன செய்தார்கள், யார் இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்பதுதான் நாவல் முழுக்க ஓடுகிற கணக்கு. துப்பாக்கி அந்த நோட்டில் ஒரு பற்று வரி.

இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த தவறு எவ்வளவு பெரிது என்பது தெரியும். “இதில் சொந்தப் பகை இல்லை, இது தொழில்” என்ற வசனம். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இதை எழுதிப்போடாத ஆள் கிடையாது. உணர்ச்சிவசப்படாதே, கணக்குப் பார், இதுதான் கோர்லியோனே தத்துவம் என்று பாடம் எடுக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் ஆட்குறைப்புக் கூட்டத்தில்கூட இதைச் சொன்னார் ஒரு மேலாளர், நல்ல ஆங்கிலத்தில்.

நாவலில் இந்த வசனம் பல வாய்களில் வருகிறது, உண்மைதான். ஆனால் டானின் கடைசி மகன் மைக்கேல் அதை என்ன செய்கிறான் என்று பாருங்கள். அப்பாவைச் சுட வைத்த போதைப்பொருள் வியாபாரி சொலோட்ஸோவையும், தன் தாடையை உடைத்த போலீஸ் கேப்டனையும் கொல்லக் கிளம்புவதற்கு முன்னால் அவன் வளர்ப்பு அண்ணன் டாம் ஹேகனுடன் தனியாகப் பேசுகிறான். யாரும் உன்னை ஏமாற்ற விடாதே டாம், எல்லாமே சொந்த விஷயம்தான் என்கிறான். ஒரு மனிதன் தினமும் விழுங்குகிற ஒவ்வொரு அவமானமும் அவனுக்குச் சொந்த விஷயம்தான், அதற்குத் தொழில் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்கிறான். இதை எங்கே கற்றேன் தெரியுமா, அப்பாவிடம். நண்பன் தலையில் இடி விழுந்தால்கூட அவர் அதைத் தனக்கு நேர்ந்ததாக எடுத்துக்கொள்வார் என்கிறான். படத்தில் இந்தப் பேச்சு இல்லை. அங்கே மைக்கேல் சன்னியைப் பார்த்து இது வெறும் தொழில்தான் என்று சொல்வதோடு காட்சி முடிகிறது. ஆக, உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது எதுவோ, அதைப் பொய் என்று சொல்லும் பக்கம்தான் நாவலின் நடு முதுகெலும்பு.

மற்ற மேற்கோள்களிலும் இதே குழப்பம் உண்டு. எதிரியை நண்பனைவிட நெருக்கமாக வைத்துக்கொள் என்பது 1974இல் வந்த இரண்டாம் படத்தின் வசனம். துப்பாக்கியை விட்டுவிடு, கனோலியை (ஒரு இத்தாலிய இனிப்பு) எடுத்துக்கொள் என்பது முதல் படத்தில் நடிகர் சேர்த்தது. மறுக்க முடியாத ஒரு யோசனையைச் சொல்கிறேன் என்பது மட்டும் நிஜமாகவே பூஸோ எழுதியது. படத்தின் திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு, இயக்குநர் கொப்போலாவுடன் சேர்ந்து ஆஸ்கரும் வாங்கினார். அதனால் சண்டை வேண்டாம். எது எதில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சரி, பூஸோவுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? உள்ளே இருந்த ஆள்தான் இப்படி எழுத முடியும் என்று நினைப்பது இன்னொரு தவறு. அது இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நிஜ மாஃபியாக்காரரைக்கூடச் சந்திக்காமல், முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்டே எழுதினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று 1972இல் அவரே எழுதிவிட்டார். அவர் சிசிலிக்காரரும் அல்ல. பெற்றோர் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அவர் பிறந்தது 1920இல் மன்ஹாட்டனின் ஹெல்ஸ் கிச்சனில். அவருக்கு நேரடியாகத் தெரிந்த பாதாள உலகம் சூதாட்டம் மட்டும், அதுவும் தோற்கிற பக்கத்திலிருந்து.

நாற்பத்தைந்து வயதில் அவருக்கு 20,000 டாலர் கடன். சொந்தக்காரர்கள், வங்கிகள், பந்தயம் பிடிப்பவர்கள், கந்துவட்டிக்காரர்கள் எல்லோருக்கும் பாக்கி. அதற்குள் இரண்டு நாவல் எழுதியிருந்தார். 1965இல் வந்த ‘தி ஃபார்ச்சுனேட் பில்கிரிம்’ நல்ல பெயர் வாங்கியது, காசு வாங்கித் தரவில்லை. அதில் இன்னும் கொஞ்சம் மாஃபியா இருந்திருந்தால் விற்றிருக்கும் என்று ஒரு பதிப்பாசிரியர் வருத்தப்பட்டாராம். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் ‘காட்ஃபாதர்’ முளைத்தது. முன்பணம் 5,000 டாலர். பிறகு பேப்பர்பேக் உரிமை 4,10,000 டாலருக்குப் போனது. அம்மாவுக்கு போன் செய்து சொல்கிறார். அவர் காதில் நாற்பதாயிரம் என்று விழுகிறது. திருத்தித் திருத்திச் சொன்ன பிறகு அம்மா சொன்னது: யாரிடமும் சொல்லாதே.

இந்த அம்மா முக்கியம். ‘ஃபார்ச்சுனேட் பில்கிரிம்’ நாவலின் லூசியா சான்டா, வறுமையில் பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் அந்தக் கறார்ப் பெண்மணி, அவருடைய அம்மாவின் சாயல். தான் எழுதியதிலேயே சிறந்தது அந்த நாவல்தான் என்று பூஸோ கடைசிவரை சொல்லிவந்தார். அதன் பிந்தைய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், டான் கோர்லியோனே வாய் திறந்தபோதெல்லாம் என் மனதில் கேட்டது என் அம்மாவின் குரல் என்று எழுதினார். குரலை உயர்த்தாத மிரட்டல், குடும்பத்துக்கு வெளியே வாய் திறக்காதே என்ற கண்டிப்பு, செய்த உதவியை மறக்கவும் விடாமல் சொல்லிக்காட்டவும் செய்யாத நுட்பம். மீசை வைத்த அம்மாதான் டான் என்று எனக்குத் தோன்றும். எந்த நாட்டு வாசகனுக்கும் அவர் ஏற்கெனவே தெரிந்தவராக இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இப்படி எழுதப்பட்ட புத்தகத்தை வரலாறாகப் படித்தால் வழுக்கிவிடும். நாவலில் வருகிற மாதிரி ஐந்து மாஃபியாக் குடும்பங்கள் நியூயார்க்கில் உண்மையாகவே இருந்தன, 1931இல் லக்கி லூசியானோ என்ற தாதாவின் காலத்தில் அவற்றுக்கு ஒரு பொதுக்குழுவும் அமைந்தது. 1963இல் மாஃபியாவுக்குள்ளேயே இருந்த ஜோ வலாச்சி அமெரிக்க செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் போட்டு உடைத்தார். பூஸோவுக்குக் கிடைத்த சரக்கு இந்த மாதிரிப் பொதுவெளியில் வந்ததுதான். பெயர் விஷயத்திலேயே பார்க்கலாம். ‘டான்’ என்பது தெற்கு இத்தாலியில் ஒருவரின் சொந்தப் பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதைச் சொல். நாவலின் டானுக்குச் சொந்தப் பெயர் விட்டோ. ‘டான் விட்டோ’ என்பதுதான் வழக்கம், ஊர்ப்பெயரோடு ஒட்டிய ‘டான் கோர்லியோனே’ அந்தக் காதுக்கு இடிக்கும்.

போதைப்பொருள் பற்றியது இதைவிடக் கனமான குழப்பம். பழைய தலைமுறை தாதாக்கள் போதைப்பொருளைத் தொடமாட்டார்கள், அவர்களுக்கு ஒரு தர்மம் இருந்தது என்ற நம்பிக்கையில் இந்த நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நாவலே அதைச் சொல்லவில்லை. ஒருவன் பிழைப்புக்கு என்ன செய்கிறான் என்பதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை என்றுதான், போதைப்பொருளில் கூட்டுக் கேட்டு வரும் சொலோட்ஸோவிடம் டான் சொல்கிறார். சூதாட்டம் என்றால் கண்டுகொள்ளாத அரசியல் நண்பர்கள் போதைப்பொருள் என்றால் விலகிவிடுவார்கள் என்பதுதான் அவர் மறுப்பு. நிஜத்திலோ, குடும்பமொன்றின் தலைவரான விட்டோ ஜெனோவேஸ் 1959இல் போதைப்பொருள் சதி வழக்கில் 15 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் சிறைவாசத்திலேயே இறந்தது 1969 பிப்ரவரி 14. அடுத்த மாதம் நாவல் கடைக்கு வந்தது.

கோர்லியோனே என்ற ஊரும் நிஜம், சிசிலியில் பலேர்மோவுக்குத் தெற்கே இருக்கிறது. படத்தில் பார்த்த தெருக்களைத் தேடி அங்கே போய் ஏமாறாதீர்கள். எடுத்தது தீவின் மறுகோடியில், சவோக்கா பக்கம். நிஜமான கோர்லியோனேக்காரர்களிடம் டான் விட்டோவின் பெருந்தன்மையைத் தேடினால் அதைவிட ஏமாற்றம். அந்த ஊர் டோட்டோ ரீனாவின் கும்பல்தான் 1992 மே மாதம் நெடுஞ்சாலையில் குண்டு வைத்து, மாஃபியாவை எதிர்த்து நின்ற நீதிபதி ஃபால்கோனேயைக் கொன்றது, இரண்டு மாதம் கழித்து அவர் சக நீதிபதி போர்செலினோவை.

நடுவில் புத்தகத்தை மூடிவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடகன் ஜானி ஃபான்டேனின் ஹாலிவுட் பகுதியும், லூசி மான்சினியின் லாஸ் வேகாஸ் பகுதியும் இழுவைதான். எனக்கும் பொறுமை போயிற்று. இத்தனை பேர் படிப்பார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன் என்று பூஸோவே சொன்னவர். அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போங்கள், பாவமில்லை. மூன்றாம் பாகத்தில் வரும் விட்டோவின் இளமைக்காலத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

கடைசியாக, டானை நல்லவர் என்று எடுத்துக்கொள்வது. இதில் வாசகனை முழுக்கக் குறை சொல்ல முடியாது, பூஸோ நம்மை அப்படித்தான் ஏமாற்றுகிறார். நாவலைத் திரும்பப் படிக்கும்போது கவனியுங்கள். மாமூல் கொடுத்து நொடிந்த கடைக்காரர் யாரும் உள்ளே வருவதில்லை. சூதில் வீட்டை இழந்தவனின் மனைவி வருவதில்லை. கோர்லியோனே குடும்பம் கொல்கிறவர்கள் பெரும்பாலும் அவர்களைவிடக் கேவலமானவர்கள். நம்மை அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்காரவைத்துச் சோறு போட்டு, ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.

ஆனால் ஓரிடத்தில் ஜன்னல் திறக்கிறது. சிசிலியில் ஒளிந்திருக்கும் மைக்கேலிடம் ஃபிலோமினா என்ற கிழ மருத்துவச்சி பேசுகிறாள். கல்யாண வீட்டில் மற்ற எல்லோரையும்விடப் பெரிய தொகையை அன்பளிப்பாகக் கொண்டுவந்து நின்றானே டானின் அடியாள் லூகா பிராசி, அவன் தனக்குப் பிறந்த பச்சைக்குழந்தையை உலையில் போடச் சொல்லித் தன்னை மிரட்டிய கதையைச் சொல்கிறாள். அப்படிப்பட்டவனைக் காப்பாற்றி, தன் விசுவாசமான ஆயுதமாக வைத்துக்கொண்டவர் டான். படத்தில் இந்தக் கதை இல்லை. டானின் பெருந்தன்மை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை நாவல் இங்கே காட்டிவிடுகிறது.

டானின் மனைவிக்கு அது முன்பே தெரியும். தினமும் விடியற்காலையில் பூசைக்குப் போகிறாரே, எதற்கு என்று மருமகள் கே கேட்கிறாள். என் புருஷனுக்காக என்று தரையைச் சுட்டிக்காட்டுகிறார், அவர் அங்கே கீழே போய்விடக் கூடாதே. படம் கேயின் முகத்துக்கு நேரே ஒரு கதவை மூடி முடிகிறது. நாவலில் அதற்குப் பிறகும் சில பக்கங்கள் உண்டு. அவற்றின் முடிவில் கே மதம் மாறி, மாமியாரின் பக்கத்தில் மண்டியிட்டு, அதே காரியத்தை மைக்கேலுக்காகச் செய்துகொண்டிருக்கிறாள்.