மானின் கறுப்புக் கோடு ஏன் கரைகிறது? முத்திரைப் படங்களுக்கு நிறம் தீட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேஸ்வரர் கோவிலுக்கு ஏறிப் போகிறவர்கள் அங்கே திரிகிற மான்களைப் பார்த்திருப்பீர்கள். வாழ்த்து அட்டை செய்யத் தொடங்கியபோது நான் முதலில் அழிறப்பரில் முத்திரையாகச் செதுக்கியதும் அந்தப் புள்ளிமானைத்தான். பொங்கல் அட்டைக்கு அதைப் பதித்து, வாட்டர் கலர் தொட்ட தூரிகையை வைத்தேன். கறுப்புக் கோடு கரைந்து மானின் வயிறெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து இன்னும் ஐந்தாறு அட்டைகளைப் பாழாக்கிய பிறகே, பிழை கையில் இல்லை, மையில் என்று புரிந்தது.

கடிதங்களுக்குக் குத்துகிற சாதாரண முத்திரை மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். வாட்டர் கலர் தீட்டுவதானால், காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாத மை வேண்டும். வெர்சாஃபைன் என்ற நிறமி மை அப்படிப்பட்ட ஒன்று. அல்கஹோலில் கரைத்த நிறமுள்ள அல்கஹோல் மார்க்கருக்குக் கணக்குத் தலைகீழ். மெமென்டோ போன்ற தண்ணீர் சார்ந்த மையை மார்க்கர் கலைக்காது. ஆனால் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும்கூட ஒட்டுகிற ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் மையைக் கலைத்துவிடும். "தண்ணீருக்கே அசையாத மை, எதற்கும் தாங்கும்" என்று நம்புவதுதான் ஆளை அதிகம் ஏமாற்றும் தவறு. கோடு கெடுவதோடு மார்க்கரின் முனையும் கறுத்துப்போய், அடுத்ததாகத் தீட்டுகிற மஞ்சளையும் அழுக்காக்கும். எந்த மை என்று தெரியாவிட்டால் துண்டுத் தாளில் பதித்து, காயவிட்டு, தீட்டப்போகும் நிறத்தால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். சாதாரண மை மட்டும்தான் கைவசம் என்றால் கலர் பென்சில் எடுங்கள். ஈரம் இல்லாததால் கோடு ஓடாது.

சரி, பொருத்தமான மை கிடைத்துவிட்டது. அடுத்த தவறு அவசரம். திருமலையில் பொங்கல் அட்டை செய்கிற மார்கழி, மழைக்காலம். தாளே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நிறமி மை மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் விரல் பட்டால் இழுபடும். அந்த நாட்களில் நான் மாலையில் பதித்து அடுத்த நாள்தான் நிறம் தீட்டுவேன். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும்போது இதற்கு நேர்மாறான தொல்லை. ஒரு நிறம் அடுத்த நிறத்தோடு கலக்கும் முன்பே காய்ந்து, நடுவில் கோடு விழுந்துவிடும். யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சிறு சிறு பகுதியாகத் தீட்டினால் தப்பலாம்.

தாளிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்) ஏ4 தாள் தண்ணீர் பட்டதும் நெளியும். பிறிஸ்டல் போட்டில் ஈரத் தூரிகையால் நாலு தடவை தேய்த்தால் மேற்பரப்பு உரிந்து திரிதிரியாக வரும். வாட்டர் கலருக்கு 300 ஜி.எஸ்.எம். தாள் வேண்டும். மார்க்கருக்கு வழவழப்பான தடித்த அட்டை நல்லது, அடியில் ஒரு பழைய தாளையும் வையுங்கள். மறுபக்கம் ஊறி மேசை வரை இறங்கும்.

மார்க்கரைக் கோடு வரை கொண்டுபோக வேண்டாம். நிறம் தாளுக்குள் பரவும் என்பதால் ஒரு மயிரிழை உள்ளேயே நிறுத்தினால் அது தானாகக் கோட்டைத் தொடும். கலர் பென்சிலை முதல் தடவையே அழுத்தித் தேய்ப்பதும் தவறு. தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுவிட்டால் அதற்கு மேல் நிறம் ஏறாது. மெதுவாக, அடுக்கடுக்காகத் தீட்டுங்கள்.

இன்னொன்று, ஈர மையின் மேல் தூவி, சூட்டில் உருக்கிக் கோட்டைப் புடைக்கச் செய்கிற எம்போசிங் பவுடரை உருக்க ஹெயார் ட்ரையர் பிடிப்பது. அதன் சூடு போதாது, காற்றோ பவுடரை ஊதித் தள்ளிவிடும். அதற்கென்றே உள்ள, கடும் சூட்டுக் காற்று வீசும் ஹீட் கன் வேண்டும்.

திரும்ப மானுக்கு வருகிறேன். முழு உடம்பையும் கபிலமாக்கிவிட்டு, மேலே வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைக்கப் பார்ப்பவர்கள் பலர். வெள்ளைப் பென்சில் மூடாது. வெள்ளை ஜெல் பேனை ஓரளவு கைகொடுக்கும், ஆனால் முதலிலேயே புள்ளிகளைச் சுற்றித் தீட்டி, தாளின் வெள்ளையை அப்படியே விட்டால் வருகிற அழகு அதில் வராது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் நிழல் போட்டால் மான் உருளைபோல் ஆகிவிடும். நான் காலை வெயிலை நினைத்துக்கொண்டு கடல் பக்கத்தை வெளிறவிட்டு, மறுபக்கத்தைக் கருமையாக்குவேன். வயிற்று வெள்ளையின் ஓரத்தில் மிக மெல்லிய நீலச் சாம்பல், கால்களுக்கு அடியில் கொஞ்சம் நிழல். அந்த நிழலை விட்டுவிட்டால் மான் அந்தரத்தில் நிற்கும்.